கடப்பை அருவிக்குப் பரங்கிமலை வழி

பரங்கிமலைப் படிகளில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஏறி வந்த எலிசா அத்தை என்னை மறித்து நிறுத்தி, என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். சொந்த அத்தை இல்லை. சாந்தோம் கோயில் மாதா சபையில் அவர் வைத்ததுதான் சட்டம் என்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவர் அத்தை.

சனிக்கிழமை காலை. வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது. என் முதுகில் ஒரு கான்வாஸ் பை, பை நிறைய மணல். வார் தோளை அறுத்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. யாரோ ஏற்றிவைத்துவிட்டுப் போன மெழுகுவர்த்திகள் படியோரம் உருகிக் கிடந்தன.

அத்தை பையின் அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்து, என்ன இவ்வளவு கனம் என்று கேட்டார். மணல் என்றேன். எந்த இடத்து மணல் என்றார். நம் கோயிலுக்குப் பின்னாலிருந்துதான் என்றேன். அது உண்மை. கோயிலுக்குப் பின்னால் கடற்கரை, என் வீட்டிலிருந்து பத்தடி நடந்தால் மணல்.

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "கவலப்படாத கண்ணு. வர்ற ஈஸ்டருக்குள்ள உனுக்குக் கல்யாணம் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

நான் படியிலேயே நின்றேன். கடப்பை ஜில்லாவில் ஓர் அருவிக்கு நடந்து போகத் திட்டம் போட்டு, அதற்குப் பழகுவதற்காகச் சனிக்கிழமைதோறும் இந்த மலையில் மூட்டை சுமந்து ஏறிக்கொண்டிருந்தவள் நான். கல்யாணம் இதில் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

கல்லின் ஊர்

கடப்பைக்கு ஏன் என்று சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் எந்த வீட்டுச் சமையலறைக்குப் போனாலும் காலடியில் கடப்பைக் கல்தான். காய் நறுக்குவதும் அதன்மேல்தான், வெயில் காலத்தில் மத்தியானம் படுத்துப் புரள்வதும் அதன்மேல்தான். ஆனால் அந்தக் கல் வந்த ஊர் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். கேட்பதுதான் என் தொழில்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்கள் மூர் மார்க்கெட்டில் வந்து குவிந்தன. தண்ணீர்க் குப்பிகள், பூட்ஸுகள், கொசுவலைகள். அவற்றுக்கு நடுவில் துணி ஒட்டிய சர்வே வரைபடங்களும் கிடந்தன. யுத்த காலத்தில் கண்ணால் பார்க்கக்கூடக் கிடைக்காதவை. கடைக்காரர் அவற்றைப் பாத்திரம் பொதிந்து கொடுக்க வைத்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அள்ளிக்கொண்டு வந்தேன்.

கடப்பைத் தாளை மேஜையில் விரித்துப் பல ராத்திரிகள் உட்கார்ந்திருப்பேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் பள்ளியில் டிபன் வேளையில்தான் பார்த்தேன், ஒரு கையில் இட்லியோடு.

வரைபடம் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை எல்லாம் சேர்த்து ஒரு கோடு போடுவார்கள். சம உயரக் கோடு என்று பெயர். கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் தரை மெல்ல ஏறுகிறது. கோடுகள் நெருங்கி ஒட்டிக்கொண்டால் அங்கே செங்குத்துப் பாறை. அவ்வளவுதான் வித்தை.

அந்தத் தாளில் முக்கால்வாசி வெறும் கல்லும் மண்ணும். மரம் இல்லை, ஊர் இல்லை. கோடையில் பாலைவனம்போல் கிடக்கும் பூமி என்று பாடப் புத்தகமே சொல்லும். அதன் நடுவில் மலையைக் கத்தியால் கீறினதுபோல் ஒரு பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கில் மெல்லிய நீலக் கோடாக ஓர் ஓடை. அந்த ஓடை ஓரிடத்தில், ஒட்டிக்கொண்டு நின்ற சம உயரக் கோடுகளை எல்லாம் ஒரே மூச்சில் தாண்டிக் கீழே வந்தது.

இட்லியைக் கீழே வைத்தேன். ஓடை செங்குத்துப் பாறையைத் தாண்ட வேண்டுமென்றால் அது குதித்துத்தான் ஆக வேண்டும். வரைபடத்தில் அருவி என்று ஓர் எழுத்துகூடப் போடவில்லை. ஆனாலும் அங்கே ஓர் அருவி இருந்தது. இருந்தே தீர வேண்டும்.

அந்த ஊர் ஆடுமாடுகளுக்குக்கூடத் தெரிந்த அருவியாக இருக்கலாம். இருக்கட்டும். மயிலாப்பூரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவள் நான். அன்றைக்கு மத்தியான வகுப்பில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று நினைவில்லை, கர்வத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

மூன்று வீடு, ஒரு தலையசைப்பு

அடையாறு பக்கம் அப்போது ஒரு நடைச் சங்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காக்கி நிக்கர் போட்டுக்கொண்டு திருநீர்மலை, திருக்கழுக்குன்றம் என்று போவார்கள். எங்களையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்குக் காரியதரிசி, ஆண்டு விழாத் தேநீர் விருந்துக்குப் பெண்கள் தாராளமாக வரலாம் என்றார். அந்தத் தேநீரை அவர்களே குடித்துக்கொள்ளட்டும் என்று நாங்களே கிளம்பத் தீர்மானித்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான், எங்கள் பள்ளி ரசாயன டீச்சர் கமலா, தையல் டீச்சர் ஜைனப். கமலா தியாகராய நகரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஜைனபின் அண்ணனுக்கு ராயப்பேட்டையில் கூடாரத் துணிக் கடை. எங்கள் பைகளைக் கடைத் துணியில் ஜைனபே தைத்தாள். தோளில் வார் அழுந்தாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்தாள், அது மூன்றாம் வாரமே ஓரமாக ஒதுங்கிப்போய்விட்டது.

சாப்பாட்டுக்குத் திட்டம் போட்டதை ஒரு தனி அத்தியாயமாகவே எழுதலாம். ரேஷன் காலம். போன வாரம் இந்தப் பத்தியில் புழு அரிசியைப் பற்றி நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. கமலா அவலும் வெல்லமும் என்றாள். ஜைனப் நெய் தடவிக் காயவைத்த ரொட்டி என்றாள். நான் நெத்திலிக் கருவாடு என்றதும் கமலா மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு, கருவாட்டுப் பை அவள் பைக்கு எதிர்ப்பக்கம், காற்று போகிற திசையில் வர வேண்டும் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

எல்லாம் கூடிவந்தது, அனுமதி ஒன்றைத் தவிர.

கமலாவின் அண்ணனிடம் கேட்டபோது அவர் நேராக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜைனபின் அண்ணனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள். "எங்காத்துல அண்ணா, ஒங்கப்பா சரின்னுட்டார்னா தனக்கு ஆட்சேபணை இல்லேங்கறார்" என்று கமலா வந்து சொன்னாள். ஜைனபின் அண்ணனும் பெரியவர் சரி என்றால் சரி என்றார். பொறுப்பை நாசூக்காக இன்னொரு வீட்டுக்குத் தள்ளுவதில் நம் ஊர் அண்ணன்மாரை மிஞ்ச ஆளில்லை.

ஆக மூன்று பேர் பயணமும் என் அப்பாவின் ஒரு தலையசைப்பில் தொங்கியது.

அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பம்பாய் வழியில், வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு, கடப்பை ஜில்லாவை வருஷக்கணக்காகப் பார்த்தவர். அம்மா போன பிறகு எனக்கு அவரும் அவருக்கு நானும்தான். நான் அருவி என்று ஆரம்பித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்க கல்லு கீது. முள்ளு கீது. தண்ணி கெடையாதும்மா" என்றார். "எத்தினி பாலம் தாண்டிக்கீறேன், ஒண்ணுலயாவது தண்ணி பாத்ததில்ல. கோடு போட்ட காயிதத்த நம்பி மூணு பொண்ணுங்க தாகத்துல சாவுறதா?"

அவர் கோபித்திருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். கண்ணால் பார்த்ததைச் சொல்லும் மனிதரிடம் என்ன சண்டை போடுவது? அவரை எப்படி மாற்றுவது என்று தெரியாமலே பழக்கத்தை மட்டும் தொடங்கிவிட்டோம். மாம்பலத்தில் மூவரும் சேர்ந்து மின்சார ரயில் ஏறி, பரங்கிமலையில் இறங்கி, மலை ஏறி இறங்குவோம். மெட்ராஸில் மலை என்று சொல்லிக்கொள்ள வேறென்ன இருக்கிறது? போய்வருவதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். சனிக்கிழமை சிநேகிதிகளோடு மலைக் கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மண் வந்த இடம்

எலிசா அத்தை சொன்னதன் அர்த்தம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபோது விளங்கியது. மூன்று நான்கு பேர் வந்து என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். ஒரு பாட்டியம்மாள் தன் பேரனுக்கு வேலை கிடைக்கவும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

விஷயம் இதுதான். எங்கள் கோயிலில் இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை இருக்கிறது. கல்லறை மண்ணைக் காலங்காலமாக எங்கள் ஆட்கள் எடுத்துப் போவார்கள், நோய்க்குப் பூசுவார்கள், கடலுக்குப் போகும்போது மடியில் முடிந்துகொள்வார்கள். தோமையார் உயிர்விட்ட இடம் பரங்கிமலை. கோயில் மணலை ஒருத்தி மூட்டையாகக் கட்டி வாரந்தோறும் பரங்கிமலைக்குச் சுமந்தால் என்ன நினைப்பார்கள்? பெரிய பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன் என்றுதான். இருபத்தைந்து தாண்டிய, கல்யாணமாகாத டீச்சருக்கு வேறு என்ன பொருத்தனை இருக்க முடியும் என்று மீதியை அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

கமலாவும் ஜைனபும் கூடவே மூட்டை தூக்கியது இந்தக் கதைக்கு மெருகு ஏற்றிவிட்டது. ஓர் ஐயர் வீட்டுப் பெண்ணும் புர்கா போட்ட பெண்ணும்கூட அவளுக்காகத் தோமையாரிடம் மன்றாடுகிறார்கள் என்று மாதா சபையில் உருகினார்களாம். இதைக் கேட்டுக் கமலா மாம்பலம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் எங்கள் ரயில் போய்விட்டது.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்பாவும் அந்தப் பூசைக்கு வந்திருந்தார்.

முழங்கை நீள மெழுகுவர்த்தி

அந்த வாரம் முழுக்க அப்பா சரியாகப் பேசவில்லை. கருவாட்டுக் குழம்பில் உப்பு கூடியிருந்ததற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை நான் எழுந்திருக்கும்போது வீட்டில் இல்லை.

பரங்கிமலை அடிவாரத்தில் நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது அப்பா முதல் படியில் நின்றுகொண்டிருந்தார். பெட்டியில் மடித்து வைத்திருந்த கார்டு கோட்டைப் போட்டிருந்தார். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி.

என் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா? நான் இன்னா கல்லா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். பொருத்தனைக்கு ஏறும்போது பேசக் கூடாது என்பது எங்களில் வழக்கம். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார். பின்னால் நான், எனக்குப் பின்னால் கமலாவும் ஜைனபும். மூன்று தடவை அப்பா என்று கூப்பிட்டேன். மூன்று தடவையும் கை உயர்ந்தது.

பாதி வழி தாண்டியதும் அவருக்கு மூச்சு இரைத்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையைக் கேட்டேன், கொடுக்கவில்லை. நான் கல்யாணத்துக்காக வாரவாரம் அவருக்குச் சொல்லாமல் இந்தப் பாரத்தைச் சுமந்தேன் என்று அவர் மனதில் இருந்தது. எத்தனையோ வரன்களைத் தட்டிக்கழித்தது நான்தான், அவர் இல்லை. இருந்தும் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அந்த மனிதர் மணலைத் தூக்கி ஏறினார்.

உச்சியில் கோயில் வாசலில் பையை இறக்கினார். கட்டை அவிழ்த்து, ஒரு பிடி மணலை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று என்னைப் பார்த்தார்.

"அப்பா, அது கல்லற மண்ணு இல்ல. பீச் மண்ணு" என்றேன்.

அப்பா உள்ளங்கையைப் பார்த்தார். மணலில் ஒரு சின்னக் கிளிஞ்சல் இருந்தது.

அப்படியானால் பொருத்தனை என்று கேட்டார். பொருத்தனை எதுவும் இல்லை, கடப்பைக்குப் போவதற்காகப் பழகுகிறோம் என்றேன். நான்தான் வேண்டாம் என்று சொன்னேனே என்றார்.

"தண்ணி இல்லன்னு சொன்னீங்கப்பா. தண்ணி இருக்குதுன்னு காட்டினா?"

முழங்கால் படித்த பாடம்

வகுப்புக்காகப் பரங்கிமலை வரைபடம் ஒன்றை நான் பெரிதாக வரைந்து வைத்திருந்தேன். அது பையின் வெளிப்பையில்தான் இருந்தது. சுவர் ஓரமாக நிழலில் விரித்தேன். காற்று தூக்காமல் நான்கு மூலையிலும் மணலைக் கொட்டினோம்.

எந்த இடத்தில் மூச்சு வாங்கியது என்று அப்பாவைக் கேட்டேன். கடுப்போடுதான் காட்டினார், பாதி தாண்டியதும் என்று. அந்த இடத்தில் விரலை வைத்தேன். கோடுகள் நெருங்கி நின்றன. ஆரம்பத்தில் சிரமமில்லாமல் ஏறினீர்களே, அது இங்கே என்றேன். கோடுகள் விலகி நின்றன.

அப்பா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரலால் தானே படிப்பாதையைத் தொட்டுக்கொண்டு மேலே வந்தார், இறங்கினார், மறுபடி வந்தார்.

"இது கிரேடியண்டு" என்றார்.

ரயில் பாதையில் ஏற்ற இறக்கத்தைக் காட்ட வழியோரம் பலகை நட்டிருப்பார்கள். எந்தச் சரிவில் பிரேக் பிடிக்க வேண்டும் என்று பார்ப்பது கார்டின் வேலை. வாழ்நாள் முழுக்க அவர் படித்தது இந்தப் பாடத்தைத்தான், நான் வேறு எழுத்தில் எழுதிக் காட்டினேன்.

கூடவே இருந்த கடப்பைத் தாளை விரித்தேன். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முதலில் ரயில் பாதையைக் கண்டுபிடித்தார். பிறகு ஸ்டேஷன், பிறகு ஒரு பாலம். இந்தப் பாலத்தில் தண்ணீரே பார்த்ததில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு, பாலத்துக்குக் கீழே போகும் ஓடையைப் பிடித்து எதிர்த்திசையில் விரலை நகர்த்தினார். மணல், மணல், பள்ளத்தாக்கு. கோடுகள் ஒட்டி நின்ற இடத்தில் விரல் நின்றது.

"இங்க செங்குத்து" என்றார். விரலை மறுபடி பாலத்துக்கு இழுத்தார். "அப்ப மேல தண்ணி விழுது. பாலத்துக்கு வர்றதுக்குள்ள மண்ணு குடிச்சிடுது. அதான் நம்ம கண்ணுல படல."

எனக்குப் பின்னால் கமலா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகையை ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளிக்கிற ரகம் அவள்.

விழ வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது, விழுகிறதா என்று போய்த்தான் பார்க்க வேண்டும் என்றேன். மழை முடிந்த கையோடு, பொங்கல் கழித்து, வெயில் முற்றுவதற்குள் போனால்தான் உண்டு என்று கமலா சேர்த்துக்கொண்டாள். அப்பா தாளை மடித்தார், மடிப்புத் தவறாமல். மெழுகுவர்த்தியை என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு கோயிலுக்குள் போய் ஏற்றிவைத்துவிட்டு வந்தார். மூன்று பேருக்கும் என்றார்.

ஸ்டேஷன் வரை தானும் வருவேன் என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. அன்று சாயங்காலமே இரண்டு அண்ணன்மாருக்கும் தகவல் போனது. இருவரும் முன்பே சம்மதித்தவர்கள்போல் பேசினார்களாம்.

ஸ்டேஷனில்

அந்த ஸ்டேஷன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த வாரமே எச்சில் இலையோடு ஒரு கூட்டம் அங்கே போய் நிற்கும். கடப்பைக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷன் என்பது போதும்.

அப்பா ஸ்டேஷன் மாஸ்டரோடு தங்கினார். பழைய பழக்கம். மாஸ்டர் பக்கத்து ஊரிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதியை எங்களோடு துணைக்கு அனுப்பினார். ஓடை மணலில் நடந்தோம். மெரினாவில் நடந்து பழகிய கால்களுக்கு மணல் ஒரு பொருட்டே இல்லை. பாறை தொடங்கியதும்தான் பரங்கிமலை கைகொடுத்தது. இரு பக்கமும் சிவப்புச் சுவராகக் கல் உயர்ந்தது. சப்பாத்திக்கள்ளியைத் தவிரப் பச்சை இல்லை. குப்பித் தண்ணீர் வெந்நீராகிவிட்டது. ஜைனப் ஒருத்திதான் குறை சொல்லாமல் நடந்தாள், கருவாட்டுப் பையும் அவளிடம்தான் இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்த வேளையில் எனக்குப் பயம் வந்துவிட்டது. வழிகாட்டிய பெண் தண்ணீர் உண்டு என்று தெலுங்கில் தலையாட்டியிருந்தாள்தான். அவள் சொன்ன தண்ணீர் ஒரு சொட்டுச் சுனையாகவும் இருக்கலாமே. வரைபடம் பொய்த்தால் பூகோள டீச்சர் ஊருக்குத் திரும்பி எந்த முகத்தோடு கோடு போடுவாள்? வளைவில் திரும்பினோம். முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. பிறகு சத்தம்.

பெரிய அருவி இல்லை. குற்றாலத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு வீட்டு மாடி இரண்டு மூன்றை அடுக்கியது போன்ற உயரத்திலிருந்து, ஒரு புடவை அகலத்துக்கு, கறுத்த கல்லின்மேல் வெள்ளையாக விழுந்தது. கீழே குளம். குளத்திலிருந்து வழிந்த தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடி, அப்பா சொன்னதுபோலவே மணலுக்குள் போய்விட்டது. நான் வரைபடத்தில் கண்டுபிடித்த அதே இடம். பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

ராத்திரி குளக்கரையில் தங்கி, கிளம்பும் முன் மறுபடி ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். ஜைனபின் ஈரப் புர்கா பையின்மேல் விரித்திருந்தது. கமலாவின் தலைமுடி இன்னும் காயவில்லை. அப்பா பிளாட்பார விளிம்பில் நின்றிருந்தார். பாதையையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் போலிருக்கிறது.

தண்ணீர் இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. புர்காவின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"சர்வீஸ் பூரா இந்த வழியா கொடி காட்டிக்கினு போனவன் நானு. எனக்குத் தெரில சார். எம் பொண்ணு மைலாப்பூர்ல ஒக்காந்துக்கினே கண்டுபுடிச்சிட்டா" என்றார்.

வண்டி வந்தது. சென்ட்ரல் போய்ச் சேரும்வரை, டிக்கெட் பரிசோதகர் உள்பட, எங்கள் பெட்டியில் ஏறிய எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அரக்கோணத்தில் ஏறிய பூக்காரியிடம்கூடச் சொன்னார். நான் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை.